பக்கத்து வீட்டு எழுத்து

எங்களுடைய வீடுகளில் புத்தக அலுமாரியைத் திறந்தால் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இருக்கும். நல்ல விடயம்தான். ஆனால் எங்களைப் போலவே பெட்டியும் கையுமாக இந்த நாட்டில் வந்திறங்கி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டால், பலருக்குத் தெரியாது. வெளியீட்டு விழாவுக்குப் போவோம், முகத்துக்காக ஒரு பிரதி வாங்குவோம், அது அப்படியே தட்டில் கிடக்கும். அப்படிக் கிடக்கிற சிலவற்றை இன்றைக்கு எடுத்துத் தூசு தட்டப் போகிறேன். எல்லாரையும் சொல்ல நேரமில்லை. எனக்குப் பிடித்தவை மட்டும்.

முதலில் 'பனியும் பனையும்'. சிட்னியில் வாழ்ந்து 2014இல் மறைந்த எஸ்.பொ., இந்திரா பார்த்தசாரதியோடு சேர்ந்து 1994இல் தொகுத்த புலம்பெயர்ந்தோர் கதைகள். எல்லாக் கதையும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சில, ஊருக்குப் போட்ட கடிதம் மாதிரித்தான் இருக்கும். என்றாலும் வந்த சூட்டோடு எழுதியவை. இருபது வருடம் கழித்து எழுதினால் அந்தச் சூடு வராது.

இலங்கை வானொலியில் 'விசாலாட்சிப் பாட்டி'யைக் கேட்டவர்கள் இப்போதும் இருப்பீர்கள். அதை எழுதிய அருண். விஜயராணி மெல்பேர்ணில் எங்களோடு இருந்தவர், 2015இல் காலமானார். அவருடைய 'கன்னிகா தானங்கள்' கிடைத்தால் விடாதீர்கள்.

நடேசனின் 'வண்ணாத்திகுளம்' 2003இல் வந்தது. பதவியாப் பக்கத்தில் வேலை பார்க்கும் தமிழ் மிருக வைத்தியர் ஒருவருக்கும் ஒரு சிங்களப் பெண்ணுக்கும் இடையிலான காதல், 83க்கு முந்திய வருடங்களில். எங்களில் சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். எரிந்த வீட்டை விட்டு ஓடி வந்தவரிடம் போய் இதைப் படியுங்கள் என்று சொல்வது லேசில்லை. நான் சொல்லத்தான் செய்கிறேன். இழந்தது வீடும் காணியும் மட்டுமில்லை என்பதை இந்த நாவல் சத்தம் போடாமல் காட்டுகிறது. இவரே எழுதிய 'அசோகனின் வைத்தியசாலை' மெல்பேர்ண் மிருக வைத்தியசாலையில் நடக்கிற கதை. அதில் பேசுகிற பூனைக்குப் பெயர் கோலிங்வூட். ஃபுட்டி பார்க்கிற பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இளையவர்களில் ஜே.கே.யின் 'கொல்லைப்புறத்துக் காதலிகள்', தெய்வீகனின் சிறுகதைகள். இரண்டும் மெல்பேர்ணிலிருந்து.

கவிதையில் நான் கனநேரம் நின்றது ஆழியாளிடம். திருகோணமலையில் பிறந்து கன்பராவில் வாழ்பவர். 'உரத்துப் பேச' 2000இல் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் 2017இல் தந்த 'பூவுலகைக் கற்றலும் கேட்டலும்'. இந்த மண்ணின் ஆதிக்குடிக் கவிஞர்களை அவர் தமிழுக்குக் கொண்டுவந்த நூல். ஆதிக்குடி ஒருவரின் கவிதைப் புத்தகம் இந்த நாட்டில் முதன்முதலாக அச்சில் வந்ததே 1964இல்தான், ஊட்ஜரூ நூனக்கலுடையது.

உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டார்கள், எங்கள் காணிக்குள் எங்களையே விடவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். நாங்கள் கடன்பட்டு வீடு வாங்கியிருக்கிற பரமட்டாப் பக்கம் தருக் மக்களின் ஊர். மெல்பேர்ணில் வுருஞ்சரி மக்களின் ஊர். அவர்களிடமிருந்து பிள்ளைகளையும் பிடுங்கினார்கள். அதற்கு 2008 பெப்ரவரியில் பிரதமர் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிடித்துக்கொண்டு போன பிள்ளையின் படத்தோடு வீதியில் நிற்கிற தாய்மார் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். இந்தக் கவிதைகளைத் தமிழில் வாசிக்கும்போது இது வேற்று ஆட்களின் துயரம் என்று எனக்குப் படவில்லை.

'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கு 'வண்ணாத்திகுளம்' ஆங்கிலத்திலும் உண்டு. ஆழியாள் மொழிபெயர்த்தவற்றில் ஆங்கில மூலம் கைக்கு அகப்படுகிற ஒரு கவிதையாகப் பார்த்து எடுங்கள். ஆங்கிலத்தைப் பேரப்பிள்ளை வாசிக்கட்டும், தமிழை அம்மம்மா வாசிக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் போதும்.