மொரிஸ் மைனரின் அசல் பாகங்கள்

கண்டியின் மேடும் பள்ளமுமான தெருக்களில் மொரிஸ் மைனர் வண்டியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 1948-ஆம் ஆண்டில் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வெளிவந்த இவ்வண்டியைப் பழைய கோலத்துக்கு மீட்க விரும்புவோர், தொழிற்சாலைப் பாகம் எது, பிற்காலத்தில் பொருத்தியது எது எனப் பிரித்தறிதல் வேண்டும்.

முன்கண்ணாடி நடுவே பிளவுபட்டிருப்பின், அது 1956-இல் வந்த 'மைனர் 1000'க்கு முற்பட்டது. பின்னதற்கு வளைந்த ஒரே கண்ணாடி. கதவின் பின்தூணிலிருந்து எழும் சைகைக் கையை 1961-இல் மின்னும் விளக்கு அகற்றியது. என்ஜின் எண் '10எம்ஏ' என்று தொடங்கினால், அது 1962-இல் வந்த 1098 சி.சி. என்ஜின். மலைப்பாதைக்கு வலிமை வேண்டி, 1958-ஆம் ஆண்டு வண்டியில் அதைப் பூட்டியிருக்கவும் கூடும். லூக்காஸ் டைனமோவில் தயாரிப்புக் காலம் பொறித்திருக்கும். அது வண்டியின் பிறப்பாண்டுக்குப் பிந்தியதாயின், மாற்றுப் பாகமே. புதுப்பூச்சின் பளபளப்பை நம்பி ஏமாறுவோரே அதிகம்!

1970-களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உதிரிப்பாகம் அரிதாயிற்று. உள்ளூர் மெக்கானிக்குகள் தம் கைப்பணியால் பழைய வண்டிகளைக் காத்தனர். அவர்கள் செய்த பாகத்தை அசல் என்று விற்பது மோசடி. இழிவென்று கழற்றி எறிவதோ அறியாமை. பின்னாளில் இலங்கையில் செய்த மைனர் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின அன்றோ!

வாங்குவோர் பொனட்டைத் திறந்து, தகட்டிலுள்ள வண்டி எண்ணையும் என்ஜினிலுள்ள எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுக. வேறுபட்டால், விலை பேசுமுன் காரணத்தைக் கேட்டறிக.