கூலி என்றால் பணமா, ஆளா?

(தேவாரத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறோம். அங்கே பேச்சு மலையாளம். 'பட்டி' என்று நாம் ஊரைச் சொன்னால் அவர்களுக்கு அது நாய்! ஆனால் 'கூலி' என்ற வார்த்தைக்கு மட்டும் துபாஷி வேண்டியதில்லை. மெட்டுக்கு இரண்டு பக்கமும் அது செய்த வேலைக்குரிய பணம். வள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பலனைக் கூலி என்றே சொன்னார்.

இந்தச் சின்ன வார்த்தை நம் எல்லை தாண்டினால் வேறு வேறு வேஷம் போடுகிறது. சிங்களத்தில் 'குலிய' என்றால் வாடகை. அதில் குற்றமில்லை, வீட்டுக்குக் கொடுக்கிற கூலிதானே அது! வடக்கே ரயில் நிலையத்தில் 'குலி' என்றால் மூட்டை தூக்குகிற மனிதன். சீனர்கள் இதே ஓசையை இரண்டு எழுத்தில் எழுதுகிறார்கள். ஒன்றுக்குப் பொருள் கசப்பு, மற்றதற்குப் பலம். அனுபவப்பட்டவன் எழுதிய எழுத்து!

வெள்ளைக்காரன் செய்ததுதான் கொடுமை. குஜராத்தின் கோலி சாதிப் பெயரிலிருந்து அவன் எடுத்தான் என்பாரும் உண்டு. எங்கிருந்து எடுத்தாலும், நாம் 'கூலி ஆள்' என்கிறோம். அவன் ஆளை வெட்டிவிட்டு வெறும் 'கூலி' என்றான். 1834 முதல் மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்திற்கும், 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்கள் மனிதர்களல்ல, 'கூலிகள்'. பிறகு அங்கே கடை வைத்தவனும் கூலி, படித்தவனும் கூலி. 1893-ல் வழக்கு நடத்தப் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'. இன்றும் அங்கே அது வசைச்சொல். மொரீஷியசில் நம்மவர் கப்பலிலிருந்து இறங்கிய 'கூலி காட்' துறைக்கு 1987-ல்தான் 'ஆப்ரவாசி காட்', அதாவது குடிபெயர்ந்து வந்தோர் துறை, என்று பெயர் மாறியது.

நம்மிடையே மட்டும் என்ன? மில்லில் மாதம் வாங்கினால் சம்பளம், காட்டில் அன்றாடம் வாங்கினால் கூலி. 'நாங்கள் தொழிலாளி, அவர்கள் கூலி' என்று மில் தோழர்கள் சிலர் பேசுவது நம் காதில் விழுகிறது. இரண்டும் உழைப்பின் விலைதான், தோழர்களே! 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். அங்கே விவசாயத் தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு.

நாளைக் காலை களத்தில் நின்று, "இன்னைக்கு எத்தனை கூலி வந்திருக்கு?" என்று யாராவது கேட்டால், "ஆள் இருபது; ஆளுக்குக் கூலி இவ்வளவு" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.