சட்டசபையில் முதல் அம்மா

(செஞ்சியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



கர்ப்பமா இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தா "முத்துலட்சுமி ரெட்டி பணம்" வரும்னு நமக்குத் தெரியும். அந்த அம்மா யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்குவோம்.

டாக்டர் முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அங்கே ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1921-இல். சட்டசபையில் உட்காரும் உரிமை 1926-இல்தான் வந்தது. அந்த வருஷமே அவரை உறுப்பினராக நியமித்தார்கள். நோயாளிகளை யார் பார்ப்பது என்று முதலில் தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டார். அத்தனை ஆண்கள் நடுவில் ஒரே பெண். 1927-இல் அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதவியை வைத்து என்ன செய்தார்? சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தணும்னு 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் ஊழியம் செய்தால்தான் இனாம் நிலம் நிலைக்கும். ஊழியத்தை விட்டால் சோத்துக்கு வழி? அதையும் யோசித்தார். ஊழியம் செய்யாமலே நிலம் அந்தப் பெண்களுக்குக் கிடைக்க 1929-இல் சட்டத் திருத்தம் வந்தது. முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆயிற்று. போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். 1968-இல் காலமானார்.

சகோதரிகளே, உள்ளாட்சியில் நமக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் 1994-ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. 2016-இல் அது பாதியானது. ஆனா சில ஊர்களில் கையெழுத்து மட்டும் நம்முடையது, பேச்சு வீட்டுக்காரருடையது. இது மாறணும்.

வாராவாரம் குழுவில் தீர்மானம் எழுதிப் பழகினவங்க நாம். அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு கோரிக்கை எழுதி எடுத்துப் போவோம். தண்ணீரோ, தெருவிளக்கோ, நூறு நாள் வேலைக் கூலியோ, நாமே எழுந்து படிப்போம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.