அரசியல் அறிவியலுக்கும் உதவித்தொகை உண்டு
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்த ஒரு மாணவிக்கு நாங்கள் உதவித்தொகை மறுத்தோம். வேலைக்கு உதவாத படிப்பு என்றோம். அது எங்கள் தவறு.

நம் கொட்டிவாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நமக்குக் கவுன்சிலரே இல்லை. தெருவிளக்கு, குடிநீர் என்று அதிகாரிகளுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தோம். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யூ பிரிவு சொல்கிறது. எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

ஆள்பவரை மக்கள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், அதிகாரத்தை ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்று லாக்கும் மாண்டெஸ்கியூவும் அம்பேத்கரும் சிந்தித்ததை அந்தப் பிள்ளை படிக்கிறாள். அது நம் தெருவுக்கும் வேண்டிய படிப்பு.

ஆகவே, இவ்வாண்டு முதல் உதவித்தொகைப் பட்டியலில் அரசியல் அறிவியலும் உண்டு. அந்த மாணவிக்குச் சென்ற ஆண்டுத் தொகையையும் சேர்த்தே இன்று வழங்குகிறோம். அவருக்காக துஆ செய்யுங்கள்.