மேடை கலைந்த பிறகு மிஞ்சிய இசைத்தட்டு

(பான் நகரில் எமது சங்கத்தின் கலைமாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அண்ணை, பத்து நிமிசம்தான், பிறகு பிள்ளையளின்ர நடனம் இருக்கு" என்று சொல்லித்தான் செயலாளர் ஒலிவாங்கியை என்னிடம் தந்தவர். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன். நான் இன்று பேச வந்தது, நான் ஒருநாளும் பார்க்காத ஒரு நாடகத்தைப் பற்றி.

பொக்கும் நகரில் நடக்கும் 'ஸ்ரார்லைற் எக்ஸ்பிரஸ்' இசை நாடகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். நடிகர்கள் ரயில்வண்டிகளாக வேசம் போட்டு, சில்லுச் சப்பாத்தில் மண்டபத்தைச் சுற்றி ஓடுவார்கள். 1988இல் தொடங்கியது, இன்றைக்கும் ஓடுகிறது. இதே நாடகம் இலண்டன் அப்பலோ விக்ரோரியா அரங்கில் 1984 முதல் 2002 ஜனவரி வரை ஓடியது. அது எடுபட்ட பிறகு, 2002 யூன் 19ஆம் திகதி அதே மேடைக்கு வந்ததுதான் 'பொம்பே ட்ரீம்ஸ்'. இசை எங்கட ஏ. ஆர். ரகுமான். தயாரித்தவர் ஸ்ரார்லைற்றுக்கு இசையமைத்த அன்ட்ரூ லொயிட் வெபர். பாடல்களை டொன் பிளாக் எழுத, கதை வசனத்தை மீரா சியால் எழுதினார்.

முந்தினது பதினேழு வருசத்துக்கு மேல் ஓடிய மேடையில் இது இரண்டே வருசம். 2004 யூன் 13இல் முடிந்தது. நியூயோர்க்கில் இன்னும் மோசம். 2004 ஏப்ரல் 29இல் தொடங்கி 2005 ஜனவரி முதலாம் திகதி மூடிவிட்டார்கள். மொத்தம் 284 காட்சிகள்.

இலண்டனில் இருக்கிற மச்சாள் "அத்தான், ஒருக்கா வாங்கோ, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்று எத்தனையோ தரம் ரெலிபோன் எடுத்தா. அப்போது என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். விசாவுக்குப் போட்டு, கடிதம் கேட்டு, சம்பளத் துண்டு கேட்டு, விசா கையில் கிடைத்தது 2004 யூலையில். நாடகம் முடிந்து மூன்று கிழமை! மச்சாள் அதன் இசைத்தட்டை வாங்கித் தந்தா. விசாவால் எனக்கு மிஞ்சியது அதுதான்.

மேடையில் நடித்தவர்களையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் பாடவைத்து எடுக்கிற தட்டு இது. வசனம் பெரும்பாலும் இராது. ஆகையால் முதல் தரம் கேட்கும்போது கதை பிடிபடாது. உள்ளே இருக்கிற சிறு புத்தகத்தை வாசித்தபடி கேட்க வேண்டும். ஒரு சேரிப் பையன், பெயர் ஆகாஷ். சேரியின் பெயர் 'சொர்க்கம்'! அந்தச் சேரியை இடிக்க ஒரு கூட்டம் நிற்கிறது. பையன் சினிமா நட்சத்திரமாகி, வந்த இடத்தை மறக்கிறான். எங்கட பழைய தமிழ்ப் படக் கதைதான்.

ஆனால் பாட்டுக்கள்! 'முதல்வன்' படத்து 'ஷக்கலக்க பேபி' அங்கே ஆங்கிலத்தில் வருகிறது. மேடையில் நீரூற்றுக்கு நடுவில் நனைந்து ஆடினார்களாம். தட்டில் தண்ணி இல்லை, தாளம் இருக்கு. சொல்லுக்குப் பெரிய வேலை இல்லாத பாட்டு என்றபடியால் எந்த மொழியில் பாடினாலும் ஒன்றுதான். 'உயிரே' படத்தில் ஜானகி அம்மா பாடிய 'நெஞ்சினிலே' மெட்டு அப்படியல்ல. ஆங்கிலச் சொற்கள் அந்த நெளிவுகளுக்குள் சரியாக உட்காரவில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கட நெடில் வந்து நீண்டு நிற்கிற இடத்தில் அவர்களுடைய சொல் டக்கென்று முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேணும். படத்தில் அது ஒரு பெண்ணின் ஆசைப் பாட்டு. நாடகத்தில் ஆகாஷை விரும்பும் பெண்ணும், அவனையே மனதுக்குள் விரும்பும் ஒரு திருநங்கையும் சேர்ந்து பாடுகிறார்கள். அதே மெட்டு துக்கமாகி விடுகிறது. மெட்டுக்குள் அது முன்பே கிடந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

'தி ஜேர்னி ஹோம்' என்று ஒரு பாட்டு. வீட்டுக்குத் திரும்பும் பயணம். ராஸா ஜவ்ரி பாடுகிறார். அப்போது நான் இரவு வேலை. விடியப்புறம் காரில் இந்தப் பாட்டு வந்தால், ரைன் நதிப் பாலத்தில் என் கண்ணில் தெரிவது கிழக்கு பேர்லின் விமான நிலையமும், அதற்கும் முந்தி எங்கட வேலிப் படலையும். ஒருநாள் மகளை ஏற்றிக்கொண்டு போகேக்க இந்தப் பாட்டுப் போனது. "அப்பா, இதைக் கேட்டால் எனக்கு எங்கட பழைய வீடு ஞாபகம் வருது" என்றாள். எந்த வீடென்று கேட்டேன். நாங்கள் இங்கே முதலில் இருந்த அகதி முகாம் அறையாம்! நான் தப்பி ஓடவேணும் என்று நினைத்த அறை அவளுக்கு ஊர். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டைத் திருப்பிப் போட்டேன்.

நாடகம் தோல்வி என்கிறார்கள். இருக்கட்டும். கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் இறந்தார். அவரை மேடையில் கண்டவர்கள் இன்று இல்லை. கிராமபோன் தட்டில் குரல் இருக்கிறது, நாங்கள் கேட்கிறோம். எத்தனை நாள் ஓடியது என்று அந்தத் தட்டை ஒருவரும் கேட்பதில்லை.

எங்களுக்கும் ஒரு நாடகம் இருந்தது. 1991இல் இந்த நகரில் ஒரு தேவாலய மண்டபத்தில், ஒரே ஒரு இரவு. வாத்தியார் ஒருவர் பாட்டெழுதி ஆர்மோனியம் வாசித்தார். அவர் இப்போது இல்லை. வீடியோக்காரத் தம்பி பிரதம விருந்தினரையும் சாப்பாட்டு மேசையையும் வடிவாக எடுத்திருந்தார், பாட்டு ஒன்றும் இல்லை. என்ர மனுசி மடியில் வைத்திருந்த சின்ன ரேப்பில் மட்டும் பன்னிரண்டு நிமிசம் பதிந்திருக்கிறது. இருமல் கேட்கும், கதிரை இழுக்கிற சத்தம் கேட்கும். வாத்தியாரின் குரலும் கேட்கும்.

மகள் அதை கம்பியூட்டருக்கு மாற்றித் தந்திருக்கிறாள். நடனப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேணும், இரண்டு நிமிசம் மட்டும் போடப் போகிறோம். பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது. அது ஆர் என்று கண்டுபிடியுங்கோ, அவ இந்த மண்டபத்தில்தான் இருக்கிறா.

தம்பி, போடுங்கோ.