நீலிக் கண்ணீர்னு சொல்றதுக்கு முன்னாடி



நம்ம ஆவடியில அரக்கோணம் ரயில் ஏறினா, திருவள்ளூர் தாண்டி திருவாலங்காடு வரும். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை அங்கேதான் இருக்கு. பக்கத்து ஊர் பழையனூர். நீலிப் பேய் கதை அந்த ஊர்க் கதைதான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்திச் சொல்வாங்க. நான் கேட்டதைச் சொல்றேன்.

நீலியைப் போன பிறவியில அந்தக் காட்டுல கொன்னது, அவளைக் கட்டின புருஷனேதான். மறுபிறவியில அவன் வணிகனாப் பிறந்து அந்த வழியா வந்தான். பேயா அலைஞ்ச நீலி அழகான பெண்ணா உருவம் மாறினா. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுட்டார்"னு ஊர்ப் பஞ்சாயத்துல அழுதா. "ஐயோ, இவ பேய்"னு அவன் கதறினான். வேளாளர்கள் எழுபது பேர், "உன் உயிருக்கு ஏதாச்சும் ஆனா எங்க உயிரைத் தர்றோம்"னு ஜாமீன் சொல்லி, ரெண்டு பேரையும் ஒண்ணாத் தங்க வச்சாங்க. விடிஞ்சா அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில இறங்கினாங்க.

இதுல நமக்கு மிஞ்சினது "நீலிக் கண்ணீர்"ங்கற ஒரு வார்த்தை. அவ ஏமாத்தினதை ஊரே சொல்லுது. முதல்ல அவளைக் கொன்னதை யாரும் சொல்றதில்ல.

எங்க குழுவுல ஒரு தங்கச்சி தவணை கட்ட முடியாம அழுதா. "நீலிக் கண்ணீர் வடிக்கிறா"னு பின்னாடி ஒரு குரல் வந்துச்சு. ஊக்குநர் அக்கா தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. கடன் பணத்தை வீட்டுக்காரர் அடிச்சுப் பிடுங்கிட்டார். அந்த வாரத் தவணையை நாங்க பிரிச்சுக் கட்டினோம்.

அதே திருவாலங்காட்டுலதான் காரைக்கால் அம்மையார் இருந்தாங்க. கணவர் விட்டுட்டு வேற கல்யாணம் பண்ணினதும், இந்த அழகு வேண்டாம்னு இறைவன்கிட்ட பேய் உருவத்தைக் கேட்டு வாங்கினவங்க. அவங்களை 63 நாயன்மார்ல ஒருத்தரா வச்சுக் கும்பிடறோம்.

நாமளும் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நிக்கிறோம். கூட்டத்துல ஒருத்தி அழுதா, முன்னாடி என்ன நடந்ததுன்னு கேளுங்க. அடி உதைன்னா 181-க்கு போன் பண்ணுங்க, கூடப் போய் நில்லுங்க.