பறித்த கீரையும் பகலொளியும்

கடலூர்ச் சந்தையிலும் சிதம்பரம் கடைத்தெருவிலும் காலையில் தளதளவென்று வந்த கீரைக்கட்டு, மாலையில் துவண்டு பாதி விலைக்குப் போவதைக் கண்டிருப்பீர்கள். விற்பவளின் அன்றைய கூலி அதில் கரைந்துவிடுகிறது.

வேர் அறுபட்டவுடன் இலை இறந்துவிடுவதில்லை; சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சேமித்த சர்க்கரை தீரத் தீர, பச்சையம் சிதைந்து மஞ்சள் படர்கிறது. இருட்டு இம்முதுமையை விரைவுபடுத்தும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இருட்டறையில் வைத்த திருநீற்றுப்பச்சிலைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் மெல்லிய செவ்வொளி காட்டினர், முதுமை தாமதமாயிற்று. அச்சிற்றொளி இலைக்கு உணவன்று. “பகல் இன்னும் மறையவில்லை” என்று கூறும் செய்தி போன்றது.

அதற்காகக் கீரையை வெயிலில் பரப்பிவிடாதீர்கள்! வெப்பம் இலையின் நீரை உறிஞ்சிவிடும். குளிர்ந்த விளக்கொளியும் மிகுந்தால் இலைத்துளைகள் திறந்து நீர் வெளியேறும். அளவே மருந்து.

ஒரே கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றை முழு இருட்டிலும், மற்றொன்றை நாளும் இரண்டு மணி நேரம் சிறு சிவப்பு விளக்கின் கீழும் வைத்துப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயில்வோரே, நம் முளைக்கீரைக்கும் இது பொருந்துமா என ஆய்ந்து கூறுங்கள். அவள் கூடையில் மாலையிலும் பசுமை நிற்குமாயின், அதனினும் பயனுள்ள கல்வி வேறு உண்டோ?